மறைவு 19

கல் வெட்டுகிற சுடலைமுத்து இப்போதுதான் கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயரில் முதல் எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட் விட்டிருக்கிறார், அதற்குள் வேப்பமர நிழல் என் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்துபோய்ப் பக்கத்துக் கல்லறையில் யாரோ ஒரு பொன்னையாவின் மேல் படுத்துக்கொண்டது, நான் குடையை விரித்தேன், மணி பத்தேகால். அம்மாவுக்கு நான்கு வரி, அப்பாவுக்கு மூன்றரை வரி. அந்த அரை வரியில் தூரிகை வந்து நிற்கும்போது சுடலைமுத்து தலையைத் தூக்கி, "இதுக்கு என்ன செய்ய டீச்சர்?" என்று கேட்பார், அதற்குள் என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். "பன்னிரண்டு மணி வரைக்கும் பாருக்கா," என்று காலையில் கோயம்புத்தூரிலிருந்து தம்பி எட்வின் போனில் சொன்னான். பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், எதற்கும் ஒரு மணி வைத்துத்தான் பேசுவான். "மரியாதையா ஒரு வழி கிடைச்சா சொல்லு. இல்லன்னா கிரானைட் கடைக்காரன் வண்டியோட வந்து பழைய கல்லைப் பேத்துட்டுப் புதுசை வச்சிருவான். அப்பா படத்தோட, பளபளன்னு. நாளைக்கு வருஷ நினைவு ஜெபத்துக்குச் சபை முழுக்க வந்து நிக்கும். இந்தக் கல்லை வச்சுக்கிட்டு எப்படிக்கா நிக்கிறது? சிரிப்பாங்க." சிரிப்பார்கள்தான். எனக்கும் அதே பயம்தான். அதை அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை, எழுபத்தொரு வயதில் போய்த் தம்பியிடம் எதை ஒப்புக்கொள்வது.

கல்லில் இடது பக்கம் அம்மா, வலது பக்கம் அப்பா. சாராள் நேசமணி, தோற்றம் 1924, மறைவு 1985. ஐசக் ஞானாபரணம், தோற்றம் 1918, மறைவு 19. அவ்வளவுதான். பத்தொன்பதுக்குப் பிறகு கல் வெறும் கல்லாக இருக்கிறது, பேச்சை மறந்தவர் வாயைத் திறந்தபடி நிற்பது போல. அப்பா இறந்தது போன வருடம், 2016இல், தொண்ணூற்றெட்டு வயதில். அம்மா போனபோது அவருக்கு அறுபத்தேழு. இருதயம் பெருத்துவிட்டது, மிஞ்சினால் இரண்டு வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், தந்தி ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் இருந்த அப்பாவும் அதை ஒரு தந்தி போலவே வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு கல்லு எதுக்கு, சேர்ந்துதானே இருந்தோம்," என்று ஒரே கல்லாகச் சொன்னார். அதை வெட்டியவர் இந்தச் சுடலைமுத்துவின் தகப்பனார் பேச்சிமுத்து. அவருக்கு வேலையில் ஒரு சுறுசுறுப்பு. "சார் பேரையும் இப்பமே வெட்டிப்போடுதேன். பத்தொம்பதையும் சேத்து வெட்டிருதேன் சார், அது என்ன மாறவா போகுது. பொறவு வந்து ரெண்டே ரெண்டு எண்ணு, பத்து நிமிச வேலை." அப்பா சொன்னார்: "அப்போ வந்து வீட்டுல என்னைத் தேடாத பேச்சிமுத்து. நேரா இங்க வந்து தட்டு, கீழதான் இருப்பேன்." அம்மாவை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேச்சிமுத்து உளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான், "அப்பா, போதும்," என்றேன்.

அப்பா, போதும். என் வாயில் அதிகம் புழங்கிய வாக்கியம் இதுதான், முப்பத்து மூன்று வருடம் கல்லூரி வகுப்பறையில் நான் சொன்ன 'சைலன்ஸ்' இதற்கு அடுத்த இடம்தான் பெறும். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், பிஷப் வீட்டுத் தேநீர் விருந்தில், எங்கேயும் அப்பா வாயைத் திறந்தால் நான் ஒரு கண்ணை அவர் மேல் வைத்திருப்பேன், பால் அடுப்பில் இருக்கிற வீட்டுக்காரி போல. பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிவிடுவேன். அவரும் உடனே நிறுத்திக்கொள்வார். இதுதான் அவரிடம் எனக்குப் புரியாதது, நிறுத்து என்றால் நிறுத்திவிடுவார், முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது, பாதிச் சிரிப்பு மட்டும் வாயோரத்தில் மீந்து கிடக்கும், பிறகு நான் அடுப்படிக்குப் போனதும் அந்த மீதியை அம்மாவிடம் சொல்லி முடிப்பது கேட்கும். அம்மா போன பிறகு மீதியை யாரிடம் சொன்னார்? தெரியவில்லை. இந்தக் கல்லிடமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனால் அப்பா மட்டும் இங்கே வந்து தன் பெயர் இருக்கிற பக்கத்தில் உட்காருவார். "உங்கம்மா பக்கத்துல துண்டு போட்டு வச்சிருக்கேன், வேற யாரும் உக்காந்துறக் கூடாதுல்லா," என்பார், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்து இடம் பிடித்தவர் போல. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் கல்லைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய், இந்த ஞானாபரணம் என்பவர் எப்படி என்று அவரிடமே கேட்டிருக்கிறார். "நல்ல மனுஷன்தான். கொஞ்சம் தாமதமா வர்றவர்," என்றாராம் அப்பா. முழங்கால் வலிக்கிறது. எறும்பு ஒன்று செருப்பின் வாரில் ஏறி, வழி தவறிவிட்டதா என்று யோசித்து நிற்கிறது. சுடலைமுத்து 'நேசமணி'யின் ணியில் இருக்கிறார், அந்தச் சுழியைப் பாவி எவ்வளவு அழகாக விடுகிறார், நான் போனால் என் எழுத்துக்கு யார் பெயின்ட் விடுவார்கள், எட்வின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள், வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, பத்தொன்பதைப் பற்றி யோசி.

பத்தொன்பதைப் பற்றி யோசித்தால் தந்தி ஆபீஸ்தான் வருகிறது. எங்கள் ஊரில் தந்தியில் யாரும் செத்ததில்லை. "அப்பா சீரியஸ், உடனே புறப்படு" என்று வரும், அவ்வளவுதான், படித்தவுடன் வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும், சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றுகிற அம்மா ஒருத்தி ஒரு நாள் ஆபீசுக்கு வந்து, பம்பாயில் இருக்கும் மகனுக்கு "அம்மா சீரியஸ்" என்று அடிக்கச் சொன்னாள். அம்மா யாரு என்று அப்பா கேட்டார். நான்தான், மூணு வருசமாச்சு, பய ஊருப் பக்கம் எட்டிப் பாக்கலை என்றாள். மற்ற குமாஸ்தாவாக இருந்தால் அப்படியே அடித்திருப்பார், அல்லது விதிமுறை சொல்லி அனுப்பியிருப்பார். அப்பா, "ஏம்மா, பாதி வழியில அழுது அழுது அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று அவளை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, படிவத்தைத் தானே எழுதினார்: "அம்மா நலம். கோபம் சீரியஸ். உடனே புறப்படு." நாலாம் நாள் அந்த மகன் பெட்டியோடு நேராக ஆபீசுக்கு வந்து, இதை எழுதியது யார் என்று கேட்டான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் அப்பாவுக்கு ஒரு டப்பா பம்பாய் அல்வா கொடுத்துவிட்டுப் போனான். அந்த அல்வா ரப்பர் மாதிரி இருந்தது. நான் அதைத்தான் அப்போது சொன்னேன், ரப்பர் மாதிரி இருக்கிறது என்று. வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லையே எனக்கு, பதின்மூன்று வயதிலேயே நான் திருத்துகிறவளாக ஆகிவிட்டிருந்தேன்.

டாக்டர் சொன்ன இரண்டு வருடம் வந்தது, போனது. 1990இல் டாக்டரே போய்விட்டார், அப்பா மாலையோடு போய் நின்று, "என்னை வரிசையில நிக்க வச்சுட்டு இவரு முந்திட்டாரே," என்றார், நான் போதும் என்றேன். தொண்ணூறுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 1999 டிசம்பரில் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பதற்றம், எட்வின் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான், லீவுக்கு வந்தேன் என்றான், அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பாங்கில் அப்போது கம்ப்யூட்டருக்கெல்லாம் ஒரு கோளாறு என்று பயந்துகொண்டிருந்தார்கள், வருடத்துக்கு இரண்டு எண்தான் அதில் இடமாம், முன்னால் இருக்கிற பத்தொன்பது மாறவே மாறாது என்று நினைத்துச் செய்துவிட்டார்களாம், இரண்டாயிரம் பிறந்தால் உலகமே குழம்பிவிடுமாம். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அமெரிக்காவுலயும் ஒரு பேச்சிமுத்து இருந்திருக்கான்டா எட்வின்!" ஜனவரி முதல் தேதி காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தார், நானும் கூட வந்தேன். அம்மா பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு, "நேசம், மன்னிச்சுக்கோ, வண்டியைத் தவறவிட்டுட்டேன்," என்றார். அன்றைக்கு மட்டும் எனக்குப் போதும் என்று சொல்ல வரவில்லை, குனிந்து அவர் செருப்பை நேராக எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் புதிய திட்டம் போட்டார். 'மறைவு' என்ற சொல்லுக்கும் 19க்கும் நடுவில் பேச்சிமுத்து தாராளமாக இடம் விட்டிருந்தார். அப்பா விரல் வைத்து அளந்தார், மூன்று விரற்கடை. முன்னால் ஒரு இருபதைச் செருகிவிட்டால் 2019. கல்லுக்கும் சேதமில்லை, பேச்சிமுத்துவின் வாக்கும் பொய்க்காது. "நூத்தியொரு வயசு ஆகும். ஆகட்டும். கவர்மென்ட் ஆள் நான், சொன்ன தேதியில வேலையை முடிப்பேன்." அதற்காகவே தினமும் காலையில் நடந்தார், சர்க்கரை இல்லாத காபி குடித்தார். நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும் அந்தக் காபி எங்கள் இருவரின் வேலையாக ஆனது, அவர் ஆற்றுவார், நான் குறை சொல்வேன். போன வருடம் அக்டோபரில் ஆஸ்பத்திரியில் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ரஞ்சிதம், மூணு வருஷம்தான். மூணே மூணு. இழுத்துப் பிடிச்சா..." என்று ஆரம்பித்தார். வாயோரத்தில் அது வந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியும், ஒன்று வருகிறது என்று. அவர் களைத்துவிடுவாரே என்றுதான், வேறொன்றும் இல்லை, சத்தியமாக வேறொன்றும் இல்லை, "அப்பா, போதும்," என்றேன். நிறுத்திவிட்டார். வழக்கம்போல உடனே நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார், ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். எந்தப் போதும் என்று எடுத்துக்கொண்டாரோ. பேச்சு போதும் என்றா, மற்றதெல்லாம் போதும் என்றா. ஒரு வருடமாக அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், அதன் மறுபக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. அந்த மீதி என்னவாக இருந்திருக்கும்?

"டீச்சர்." சுடலைமுத்து தலையைத் தூக்கிவிட்டார். மணி பதினொன்றேகால். "அம்மா முடிஞ்சுது. சாருக்கும் தோற்றம் முடிஞ்சுது. இதுக்கு என்ன செய்ய?" பன்னிரண்டுக்கு வண்டி, அதில் பளபளக்கிற கிரானைட், அதில் அப்பாவின் படம், எட்வின் தேர்ந்தெடுத்த படம் அடையாள அட்டைக்கு எடுத்தது, அப்பா வாழ்க்கையில் சிரிக்காத ஒரே நிமிடம். கண்ணை மூடினால் வண்டிக்காரர்கள் கடப்பாரையால் அம்மாவைப் பேர்ப்பது தெரிகிறது. "நீங்க என்ன சொல்லுதீங்க சுடலைமுத்து?" என்று கேட்டேன். அவர் காதில் இருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்தார். "பேசாம தொண்ணூத்தொம்பதுன்னு போட்டுருவமா? ரெண்டு ஒம்பது. அழகா இருக்கும். யாரு வந்து கேக்கப்போறா?" யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அப்படிப் போட்டால் காபி ஆற்றிய அந்தப் பதினேழு வருடம் நடக்கவே இல்லை என்று ஆகும், பொய் சொல்லி அவரை முன்கூட்டியே அனுப்பிவைத்தவள் மறுபடியும் நானாக இருப்பேன். வேண்டாம் என்றேன். "சிமிட்டி வச்சு அடைக்கலாம். ஆனா புண்ணுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்." சுரண்டி எடுக்க முடியாதா என்றேன். "கல்லுல வெட்டுனதை எப்படி டீச்சர் அழிக்க? சுரண்டுனா குழி விழும், மழைத்தண்ணி நிக்கும், சார் மூஞ்சியில கொசு முட்டை போடும்."

சுரண்டக் கூடாது. அழிக்கக் கூடாது. இதை யார் சொன்னது, சுடலைமுத்து இப்போது சொன்னது சரி, இதற்கு முன்னால் யார் சொன்னது? அப்பாதான். தந்தி ஆபீஸ் பதிவேட்டின் சட்டம், எழுதியது தப்பாகிவிட்டால் பிளேடு போட்டுச் சுரண்டக் கூடாது, ஒரே ஒரு கோடு, அதுவும் அடியில் இருப்பதைப் படிக்கிற மாதிரி, பக்கத்தில் சரியானது, ஓரத்தில் அடித்தவரின் சுருக்கொப்பம். இதை அப்பா ஆபீசில் செய்ததை நான் பார்த்ததில்லை, வீட்டில் செய்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வேறு இடத்தில் பெண் அமைந்துவிட்டதாம். பத்திரிகை அச்சடித்துக் கட்டுக்கட்டாக அலமாரியில் இருந்தது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், அம்மா அதையெல்லாம் எரித்துவிடச் சொல்லி அழுதாள். அப்பா மூன்று நாள் உட்கார்ந்து, அத்தனை பத்திரிகையிலும் மாப்பிள்ளை பெயரை ஒரே கோடாக அடித்தார். 'திருமணம்' என்பதை ஒரு கோடு அடித்து, பக்கத்தில் 'மதியச் சாப்பாடு' என்று எழுதினார். ஓரத்தில் ஐ.ஞா. என்று சுருக்கொப்பம். அதே தேதி, அதே பந்தல், அதே சமையல்காரர். எட்வின்தான் சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தான். சபை முழுக்க வந்தது. சபை முழுக்கச் சிரித்தது. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இலை முன்னால் உட்கார்ந்து, பெரியவர்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை, அந்தக் கோட்டைப் பார்த்து. இரண்டாம் பந்தியில் பாயசத்துக்கு ஆள் போதவில்லை என்று நானே வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பில் நான் செத்துவிடவில்லை. இத்தனை வருடம் வேறு எந்தச் சிரிப்புக்குப் பயந்துகொண்டிருந்தேன் நான்?

"சுடலைமுத்து, பத்தொம்பது மேல குறுக்கா ஒரே ஒரு கோடு இழுங்க. அடியில இருக்கிறது தெரியணும். பக்கத்துல 2016." அவர் என்னை வெயில் பட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அடிச்சுத் திருத்தச் சொல்லுதீங்களா? கல்லையா? பரீட்சைப் பேப்பரா டீச்சர் இது?" பரீட்சைப் பேப்பர்தான் என்றேன். உளியை எடுத்தார். முதல் தட்டில் தூள் பறந்தது, சுட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரு மணம். கோடு நேராக வந்தது. 2, 0, 1, 6. அந்த ஆறின் வயிற்றை வளைக்க மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், தகப்பன் விட்ட வேலையை மகன் முடிக்கிறான் என்று ஒரு பெருமை அந்த முதுகில் தெரிந்தது. "ஓரத்துல சின்னதா, ஞா.ர. ன்னு வெட்டுங்க," என்றேன். யாரு அது என்றார். "நான்தான். ஞானாபரணம் ரஞ்சிதம். திருத்தினவங்க ஒப்பம் வேணும்." உளி நின்றுவிட்டது. "உசுரோட இருக்கவங்க எழுத்தைக் கல்லறையில வெட்டக் கூடாது டீச்சர். பழி வரும்." "ஏன் சுடலைமுத்து, இவரு முப்பத்தொரு வருஷம் உசுரோடதானே இந்தக் கல்லுல இருந்தாரு. நல்லாத்தானே இருந்தாரு." சுடலைமுத்து உளியைப் பிடித்தபடியே சிரிப்பில் குலுங்கினார், பக்கத்து வரிசையில் பூ வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள், இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், யாராவது போதும் என்று சொல்வார்களோ என்று பார்த்தேன், சொல்வதற்கு யாரும் இல்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. "என்னக்கா, வண்டியை வரச் சொல்லவா?" "வேண்டாம். அடிச்சுத் திருத்தியாச்சு." "எதை?" "பத்தொம்பதை. ஒரே கோடு. பக்கத்துல 2016. ஓரத்துல சுருக்கொப்பம்." அந்தப் பக்கம் அவன் வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. சொல்லப்போகிறான், சபை முழுக்க வரும், பாஸ்டர் என்ன நினைப்பார் என்று சொல்லப்போகிறான், நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு குடைக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "யாரு ஒப்பம்?" என்று கேட்டான். என்னுது என்றேன். "உன்னுது மட்டுமா?" "ஆமா." "செல்லாதுக்கா," என்றான் எட்வின். "வாரிசு ரெண்டு பேரு. ஒருத்தர் ஒப்பத்தை வச்சு நான் எந்தத் திருத்தத்தையும் பாஸ் பண்ணினதே இல்ல. என்னுதையும் போடச் சொல்லு. ஞா.எ., உன்னுதை விடச் சின்னதா இருக்கக் கூடாது, பாத்துக்கோ." குரல் ஒரு மாதிரி இருந்தது, அழுகிறானா சிரிக்கிறானா என்று போனில் தெரியவில்லை, எங்கள் வீட்டில் நேரில் பார்த்தாலும் தெரியாது. சுடலைமுத்து கருவிகளைச் சாக்கில் சுருட்ட ஆரம்பித்திருந்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பொறுங்க, பொறுங்க," என்று கத்தினேன், "வேலை இன்னும் முடியலை."